அப்பவே சொன்னவர் தரவேண்டிய இருநூறு டாலர்

லைல் பிரான்ட்வோல்ட் என்பவர் நாடியா ஹுமென்யுக் என்ற பெண்ணுக்கு இருநூறு டாலர் தரவேண்டியிருந்தது. பந்தயத்தில் தோற்ற பணம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, வாய் திறந்து கேட்பவரும் கிடையாது. பந்தயம் கட்டிக் கைகுலுக்கியபோது அந்தப் பிடியை என் கையால் நடுவில் வெட்டிவிட்டவன் நான். ஆகவே இது கேள்விப்பட்ட கதை இல்லை.

கடனைச் சொல்லிவிட்டேன். இனி ஆளைச் சொல்கிறேன்.

மனிதர்களில் 'அப்பவே சொன்னவர்' என்று ஓர் இனம் உண்டு. எந்த நாட்டிலும் இருக்கும், எந்தக் குளிரையும் தாங்கும். ஒரு காரியம் நடப்பதற்கு முன்னால் இந்த இனத்தவர் வாயைத் திறந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். திறந்தாலும் நேர்மாறாகத்தான் ஏதாவது சொல்லியிருப்பார். காரியம் நடந்து முடியட்டும், கோதுமை விலை விழட்டும், பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டி சூட்கேஸோடு பஸ் ஏறட்டும், ஏரியில் பனி உடைந்து யாருடைய டிராக்டராவது உள்ளே போகட்டும், உடனே நாற்காலியைப் பின்னங்கால் இரண்டில் சாய்த்து, காபிக் கோப்பையை மூக்குவரை தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஊரே கேட்கும்படி ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு அந்த இரண்டு வார்த்தை.

"அப்பவே சொன்னேன்."

யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவர் செத்துப்போயிருப்பார். இல்லாவிட்டால் பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவுக்குக் குடிபோயிருப்பார்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். அப்பா பள்ளிக்கூடப் பையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு டிராக்டர் சாவியைக் கையில் கொடுத்தார். இரவல் வாங்கிய ஒரு வெல்டிங் துப்பாக்கியோடு தொழில் தொடங்கினேன். இன்றைக்கு எங்கள் ஊர் ப்ரூஸ்டேல் வழியாகப் போகும் ஜல்லி லாரிகளின் கதவைப் பாருங்கள், என் பெயர் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். சம்பாதித்த பெருமையைச் சொல்லாமல் வைத்திருந்து யாருக்குக் கொடுக்கப்போகிறேன்? ஆனால் ஒன்று. முதல் போடாமல் லாபம் எடுக்கும் தொழில் ஒன்றை என் வாழ்நாளில் நான் பார்த்ததே இல்லை, லைல் பிரான்ட்வோல்டைப் பார்க்கும்வரை.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். என் பட்டறை தீப்பிடித்தபோது தண்ணீர் வண்டியோடு முதலில் வந்து நின்றவர் லைல்தான். புருவம் கருக, கையில் கொப்புளம் வர, விடியும்வரை அணைத்தார். அணைத்து முடித்து, முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கைபோட்டு என்ன சொன்னார்?

"வாசில், அந்த ஒயரை மாத்துன்னு அப்பவே சொன்னேன்."

அவரை அடிப்பதா கட்டிப்பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாகத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் காபி மேஜை என்று ஒன்று இருக்கிறது. கடைத்தெரு ஓட்டலில் ஜன்னலோரம் போட்ட நீள மேஜை. விடிந்ததும் விடியாததுமாக, மைனஸ் முப்பதானாலும் நாற்பதானாலும், இஞ்சின் உறைந்துபோகாமல் சூடேற்ற, பிக்கப் வண்டிகளின் மூக்கை ஓட்டல் சுவரில் இருக்கும் மின்சாரப் பிளக்கில் மாட்டிவிட்டு ஆண்கள் எல்லோரும் அங்கே வந்துவிடுவோம். பகடை குலுக்குவோம், தோற்றவன் எல்லோருக்கும் காபிக் காசு தரவேண்டும். பிறகு கனோலா எண்ணெய்வித்தின் விலையிலிருந்து கனடாவின் பிரதமர்வரை ஒவ்வொருவரையும் மேஜையில் போட்டுத் துவைப்போம். அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. அங்கே கட்டிய பந்தயத்தை அங்கேதான் தீர்க்கவேண்டும். எல்லோர் முன்னாலும், ரொக்கமாக, எண்ணி. வீதியில் கொடுத்தது கணக்கில்லை, ஜாடையாகப் பாக்கெட்டில் திணித்தது கணக்கில்லை. கைகுலுக்கிக்கொண்டு இரண்டு பேர் நிற்க, மூன்றாவது ஆள் தன் கையைக் கத்திபோல் செங்குத்தாக இறக்கி அந்தப் பிடியை வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் பந்தயம் பந்தயம். என் தாத்தா உக்ரைனிலிருந்து கப்பலேறியபோது மூட்டையில் வந்த பழக்கம் அது. அங்கிருந்து வந்ததில் இன்னமும் கெடாமல் இருப்பது அதுவும் பெரோகிக் கொழுக்கட்டையும்தான்.

நாடியா அந்த ஓட்டலில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று வடக்கே போனவன் அங்கேயே ஒரு குடும்பம் கண்டுபிடித்துக்கொண்டான். மிச்சம் ஒரு பையன். ஒரெஸ்ட்.

அந்தப் பையனைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். இந்த நாட்டின் ஆண்கள் பனிச்சறுக்கு நடனத்தில் மூன்று தடவை சாம்பியன், உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம். ஆனால் நான் சொல்லும் காலத்தில் அவனுக்கு ஒன்பது வயது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. லைல் பயிற்சி கொடுத்த பனி ஹாக்கிக் குழுவிலேயே வேகமான பையன் அவன்தான். ஒருநாள் ஹாக்கிக் குச்சியைக் கொண்டுபோய் லைல் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு இடிக்கப் பிடிக்கல, குதிக்கத்தான் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டான். நாடியா அவனுக்கு யாரோ போட்டுக் கழித்த நடனக் காலணி ஒன்றை வாங்கித் தந்தாள். ஹாக்கிக்காரர்கள் வருவதற்கு முந்திய இருட்டில், எங்கள் ஊர் அரங்கத்தின் வெறும் பனியில், அந்தக் காலணியோடு அவன் சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டிருந்தான்.

இந்த நாட்டில், அதுவும் எங்கள் சஸ்காட்சுவான் மாகாணத்தில், ஒரு பையன் ஹாக்கியை விட்டுவிட்டு ஜிகினாச் சட்டைக்குப் போவது என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? பால் கறக்கும் வீட்டில் ஒருவன் இனிமேல் எனக்குப் பால் ஆகாது என்று எழுந்து நிற்கிற மாதிரி. காபி மேஜை ஒரு வாரம் கோதுமையை மறந்தது.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பாருங்கய்யா," என்றார் லைல், நாற்காலியைச் சாய்த்து. "ஜிகினா குத்துது, குச்சியைக் குடுங்கன்னு அழுதுகிட்டு வந்து நிப்பான்."

"வரலைன்னா?" என்றான் எல்மர். எல்மர் என் அண்டை நிலத்துக்காரன். எந்தத் தீக்கும் ஒரு சுள்ளி எடுத்துப் போடாமல் இருக்கமாட்டான்.

"வராம எங்க போவான்? நாட்டுக்கே சாம்பியன் ஆயிடுவானா? இந்த ஊர்லேர்ந்து? அந்தக் காலணியைப் போட்டுக்கிட்டு?"

மேஜை சிரித்தது. பின்னால் காபிப் பாத்திரத்தோடு நாடியா நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"என்ன பந்தயம்?" என்றாள்.

லைலுக்குக் காது சிவந்தது. ஆனால் மேஜை பார்த்துக்கொண்டிருந்தது. மேஜை பார்க்கும்போது பின்வாங்கிய ஆண் எங்கள் ஊரில் இல்லை. பின்வாங்காமல் கெட்டவர்கள் நிறைய உண்டு.

"நூறு டாலர்."

"இருநூறு."

"ஏம்மா நாடியா, அவ்வளவு பணம் உங்கிட்ட இருக்கா?"

"எங்கிட்ட எதுக்கு இருக்கணும்? உங்கிட்ட இருக்குல்ல, அது போதும்."

கைகுலுக்கினார்கள். பையன் நடுவில் விட்டுவிட்டால் அவள் தரவேண்டும். நாட்டுச் சாம்பியன் ஆனால் இவர் தரவேண்டும். நான் எழுந்து கையை ஓங்கி நடுவில் வெட்டினேன். சின்ன வயதிலிருந்து இரும்படித்த கை. இரண்டு பேரும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்கள்.

கிறிஸ்மஸ் வந்தது. பையன் வரவில்லை.

அடுத்து லைல் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லவேண்டும். அதைச் செய்ய எங்கள் ஊர் ஹாக்கிக்காரரால்தான் முடியும். ஒரெஸ்டுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், மறுநாள் ரெஜைனாவில் மாகாணப் போட்டி. அரங்கத்தில் பிளேடு தீட்டும் மெஷின் லைல் கையில்தான் இருந்தது. பையனைக் கூப்பிட்டு, "கோபமெல்லாம் ஒண்ணும் இல்லடா, குடு, காசு வேணாம், நல்லாத் தீட்டித் தர்றேன்" என்றார். மனதார, பாசமாகத்தான். காலணியைத் திருப்பிப் பார்க்கிறார், பிளேடின் முன்நுனியில் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கிறது. ஹாக்கி பிளேடில் அப்படி எதுவும் கிடையாது. "எவனோ பிசிறு விட்டுவெச்சிருக்கான்" என்று தலையில் அடித்துக்கொண்டு, அவ்வளவு பல்லையும் ஒன்று விடாமல் வழவழவென்று தேய்த்துக் கொடுத்துவிட்டார்.

நடனக்காரன் அந்தப் பல்லைப் பனியில் ஊன்றித்தான் எம்பிக் குதிக்கவேண்டும். அதை எங்கள் ஊரில் யார் கண்டார்?

மறுநாள் பையன் ஓடிவந்து, காலைப் பின்னுக்கு வீசி, ஊன்றினான். ஊன்ற ஒன்றும் இல்லை. வயிற்றால் சறுக்கிக்கொண்டே போய் நடுவர்கள் மேஜைக்குக் கீழே நின்றான். ஒரு நடுவர் குனிந்து பார்த்து, "அடிபட்டுச்சா தம்பி?" என்று கேட்டாராம். புது பிளேடு வாங்குவதற்காக அந்த வருஷம் முழுக்க நாடியா இரண்டு ஷிஃப்ட் பார்த்தாள். லைல் அவமானத்தில் ஒரு வாரம் கண்ணில் படவில்லை. பிறகு வந்து உட்கார்ந்து, கோப்பையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடினார்.

"ரெஜைனா பனி சரியில்ல. அப்பவே சொன்னேன்."

பிறகு அந்தப் பையன் வளர்ந்த கதையைக் கேளுங்கள். எங்கள் ஊரில் நடனம் சொல்லித்தர ஆள் இல்லை என்று பக்கத்து எல்க்வேல் ஊருக்கு, பனிப்புயலில், ஹீட்டர் வேலைசெய்யாத காரில், முழங்காலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அம்மாவும் பிள்ளையும் போய்வந்தார்கள். பதினைந்து வயதில் டொராண்டோவுக்கு அனுப்பினாள். அங்கே யார் வீட்டு நிலவறையிலோ தங்கி, காலையில் பனியும் பகலில் பள்ளிக்கூடமும் மாலையில் மறுபடி பனியுமாகக் கிடந்தான். இடுப்பில் ஐஸ், முழங்காலில் ஐஸ், காலுக்குக் கீழேயும் ஐஸ். இளையோர் பதக்கம் வந்தது. அவன் ஒவ்வொரு படி ஏறும்போதும் லைலின் கதையும் ஒரு படி ஏறியது. முதலில் "அந்தக் கால் இருக்கே, நான் ஓடவிட்டு வளத்த கால்." பிறகு "விழுந்தா எந்திரிக்கணும்னு ரெஜைனாவுல கத்துக்கிட்டானே, யாரால?" பிறகு "அவனை ஹாக்கியிலேர்ந்து நான் விட்டுக்குடுத்தேன், தெரியும்ல? மனசு வேணும்."

பத்தொன்பது வயதில் ஒரெஸ்ட் நாட்டுச் சாம்பியன் ஆனான். எம்பி, காற்றில் நான்கு சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில், பஞ்சு விழுகிற மாதிரி இறங்கினான். ஓட்டல் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எல்மர் மேஜைமேல் ஏறிவிட்டான், இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நாடியா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை. மேஜை நிறைந்திருந்தது. பகடையை யாரும் தொடவில்லை. எல்லோரும் லைலைப் பார்த்தோம். லைல் ஜன்னலைப் பார்த்தார், உப்புக் குப்பியைப் பார்த்தார், பிறகு நாற்காலியைச் சாய்த்தார். கோப்பை மேலே போனது. ஒரு கண் மூடியது. அடப்பாவி என்று மனதுக்குள் கத்தினேன்.

"அப்பவே சொன்னேன்."

எல்மர் தன் கோப்பை என்று நினைத்துப் பக்கத்து ஆளின் காபியை எடுத்துக் குடித்துவிட்டான்.

"லைல், நீ சொன்னது எங்க எல்லாருக்கும் நல்லா ஞாபகம் இருக்கு," என்றேன்.

"இருக்கும்ல!" என்றார், முகமெல்லாம் மலர.

நாடியா வந்தாள். கண் வீங்கியிருந்தது. கோப்பையை நிரப்பினாள். "வேற ஏதாவது இருக்கா, லைல்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அவ்வளவுதான்."

அன்றைக்கு டிப்ஸ் கால் டாலர் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார். தவணை என்று நினைத்தாரோ என்னவோ.

அதற்குப் பிறகு தினமும் அவள் கேட்பாள்: "வேற ஏதாவது இருக்கா, லைல்?" தினமும் இவர் சொல்வார்: "அவ்வளவுதான்." ஓட்டலையே அவள் விலைக்கு வாங்கினாள், பெயர்ப்பலகை மாறியது, கேள்வி மாறவில்லை. அவள் கேட்பது காபியைப் பற்றி இல்லை என்று மேஜைக்குத் தெரியும். லைலுக்கும் தெரியும். பணம் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் தோற்ற பந்தயம் எது என்று கேள்வி வரும். யார் சிரித்தார்கள் என்று பதில் வரும். இருநூறு டாலர் கொடுப்பது சுலபம். அதோடு சேர்த்து 'அப்பவே' என்ற அந்த வார்த்தையையும் கொடுக்கவேண்டுமே.

தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். யாரைக் கேட்கலாம் என்று அவள் வண்டியைவிட்டு இறங்கும் முன்பே லைல் கதவைத் திறந்துவிட்டார். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன், அரங்கத்தின் முன்னால் தலையைச் சீவிக்கொண்டு நிற்கிறார்.

"ஊரே சிரிச்சுதும்மா. நான் ஒருத்தன்தான் அந்தப் பையன் ஜெயிப்பான்னு இருநூறு டாலர் கட்டினேன். எதிர்த்துக் கட்டினது யாருங்கறீங்க? எங்க வாசில்!"

என் மனைவி பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள்.

"இருநூறு டாலரா? நம்ம காசா?"

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஆறின சூப்.

இந்த இனத்துக்கு ஏற்றத்தில் மட்டும்தான் லாபம் என்று நினைக்கிறீர்களா? கேளுங்கள். ஒலிம்பிக்கில் ஒரெஸ்ட் இரண்டு தடவை விழுந்தான். பதினோராவது இடம். நாடே உச்சுக்கொட்டியது. லைல்? "கணுக்கால். அந்தக் கணுக்காலைப் பத்தி அப்பவே சொன்னேன்." ஏறினாலும் வருமானம், இறங்கினாலும் வருமானம். நானும் இரும்பு வாங்கி விற்கிறேனே, இப்படி ஒரு சரக்கு என் கையில் கிடைத்ததில்லை.

ஆனால் அதே லைல்தான், தோற்றுப்போய் வீட்டுக்கு வந்து யாரையும் பார்க்காமல் படுத்துக்கிடந்த பையனைப் பார்க்க, மான் கறி உப்புக்கண்டத்தோடு முதலில் போனவர். நானும் கூடப் போனேன். அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, "நடுவருங்களுக்குக் கண்ணே இல்லடா" என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து வாசல்வரை போனவர் தாங்கமுடியாமல் திரும்பினார்.

"அந்த ரெண்டாவது குதிப்பு வேணாம்னு நான் அப்பவே..."

ஒரெஸ்ட் சிரித்துவிட்டான். வந்த நாளிலிருந்து அதுதான் அவன் முதல் சிரிப்பு என்று நாடியா பிறகு சொன்னாள். அவள் சிரிக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரெஸ்ட் விடைபெறுவதாக அறிவித்தான். முழங்கால் போதும் என்று சொல்லிவிட்டது. ஊர் ஊராகக் கடைசி ஆட்டங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சொந்த மண்ணில் ஒன்று, அதில் வரும் டிக்கெட் பணம் முழுவதும் அந்த அரங்கத்துக்கே. அதே சமயத்தில்தான் எங்கள் அரங்கத்தின் பனி உறையவைக்கும் மெஷின் செத்தது. நான் திறந்து பார்த்தேன். நான் பார்த்தே சரியாகவில்லை என்றால் அது இனி ஆகாது. புது மெஷினின் விலையைக் கேட்டுவிட்டு நகராட்சி கையை விரித்தது. மெஷின் இல்லை என்றால் இந்தக் குளிர்காலம் பனி இல்லை. பனி இல்லை என்றால் ஹாக்கி இல்லை. ஹாக்கி இல்லை என்றால் லைலின் பையன்கள் எல்க்வேல் குழுவில் போய்ச் சேருவார்கள். ஒருதரம் போன பையன் திரும்ப வருவதில்லை. பள்ளிக்கூடமும் தானியம் சேர்த்துவைக்கும் கோபுரமும் அப்படித்தான் எங்களைவிட்டுப் போயின.

ஒரெஸ்டின் ஆட்டம் வந்தால் மெஷின் வந்துவிடும். அவன் ஆட அன்று ஒருநாளுக்கு வாடகை மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டோம். ஆனால் எல்க்வேலும் கேட்டது. அங்கே மெத்தை வைத்த இருக்கை, தலைக்கு மேலே ஹீட்டர். ஒரெஸ்டைப் போனில் கேட்டபோது ஒரே பதில்: "அம்மா எங்க சொல்றாங்களோ அங்க."

அரங்கக் கமிட்டித் தலைவர் யார்? லைல். காபி மேஜையில் எழுந்து நின்று பேசினார். நம் மண், நம் பிள்ளை, நம் பனி என்று பேசினார். குரல் தழுதழுத்தது, உண்மையாகத்தான் தழுதழுத்தது. நாடியா பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எல்க்வேல்ல ஹீட்டர் இருக்கு, லைல்."

"இருக்கட்டும்மா! அவன் முதல் முதல்ல குதிச்சது எங்க? இங்க! இந்தப் பனியில!"

"ஆமா, இந்தப் பனியிலதான். அப்ப இந்த ஊரு என்ன சொல்லிச்சு?"

மேஜையில் எல்லோரும் கோப்பைக்குள் எதையோ தேடினோம்.

"நான் என்ன சொன்னேன்னா..." என்று லைல் ஆரம்பித்தார்.

"சொல்லு. என்ன சொன்னே?"

லைல் உப்புக் குப்பியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இருநூறு டாலர், லைல். இதே மேஜையில. அப்புறம் ஆட்டம் எங்கன்னு பேசுவோம்."

"அட, அது... அது வாசில் கட்டின பந்தயம்ல?"

பல வருஷமாகப் பொறுத்திருந்தேன். ஆறின சூப் தொண்டையில் வந்தது. "யோவ் லைல், அன்னிக்கு எங்கையி எங்க இருந்துச்சு?"

"எங்க இருந்துச்சு?"

"உங்க ரெண்டு பேர் கைக்கு நடுவுல. வெட்டினது நான்தானே? உன் மணிக்கட்டு ஒரு வாரம் நீலமா இருந்துச்சே, மறந்துட்டியா? பந்தயம் கட்டினவனே எப்படிய்யா கையை வெட்டுவான்? அவனுக்கு என்ன மூணு கையா?"

எல்மர் மேஜையைத் தட்டினான். இந்தச் சட்டத்துக்கு எங்கள் ஊரில் மேல்முறையீடு கிடையாது. லைல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஒரு வாரம் உள்ளே வரவில்லை. ஆனால் வராமலும் இல்லை. தினமும் விடிகாலையில் ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, இஞ்சினை ஓடவிட்டு, ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மேஜை இல்லாமல் இந்த இனம் உயிர்வாழாது. யாரிடம் 'அப்பவே' என்று சொல்வது, ஸ்டியரிங்கிடமா? கடைசியில் நான்தான் எழுந்துபோய் வண்டிக் கதவைத் திறந்து உள்ளே ஏறினேன்.

"பணம் இல்லையா?"

"சட்டைப் பையிலயே இருக்கு. எட்டு வருஷமா இருக்கு."

"அப்புறம்?"

வைப்பர் இரண்டு தடவை போய்வந்தது.

"உனக்கு லாரி இருக்கு வாசில். ரோட்டுல போற எல்லாரும் உம்பேரைப் படிக்கிறான். எல்மருக்கு நிலம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? எவனோ கம்பெனிக்கு டிராக்டர் வித்துக் குடுத்தேன், ஊர்ப் பசங்களுக்கு ஹாக்கி சொல்லிக்குடுத்தேன். ஒருத்தனும் பெருசா வரல. வந்தவன் ஒருத்தன். அவன் என்னை விட்டுட்டுப் போனவன். அவனை நான் நம்பினேன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே அப்படித்தான் ஞாபகம் இருக்கு. அதையும் அந்தம்மா கையில எண்ணிக் குடுத்துட்டா, நான் யாரு?"

வண்டி ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

"மெஷின் வரலேன்னா உன் பசங்க எங்கய்யா ஆடுவாங்க?" என்றேன்.

"தெரியும்."

"நவம்பர் வந்தாச்சு."

"தெரியும்னு சொன்னேன்ல!"

மறுநாள் காலை லைல் உள்ளே வந்தார். ஷேவ் செய்திருந்தார், தேவாலயத்துக்குப் போடும் சட்டை. உட்காரவில்லை. நாடியா காபிப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"வேற ஏதாவது இருக்கா, லைல்?"

"இருக்கு," என்றார்.

முதலில் செக் புத்தகத்தை எடுத்தார். மேஜை மொத்தமும் இருமியது. எடுத்ததை உள்ளே வைத்தார். அடுத்து, ஓரம் ஒட்டிய ஒரு கவரை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அவர் தள்ளியதை அவள் திரும்பத் தள்ளினாள்.

"பிரிச்சு எண்ணு."

"நாடியா..."

"பணம் எனக்கு வேணும்னா பதினஞ்சு வருஷம் முன்னாடி வேணும். பிளேடு வாங்கறப்ப வேணும். இப்ப எனக்கு எண்ணுற சத்தம்தான் வேணும். எண்ணி முடி, ஒரெஸ்டுக்குப் போன் பண்ணி இங்கதான்னு சொல்லிடறேன்."

லைல் கவரைப் பார்த்தார். மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"அந்தப் பையன் தேறமாட்டான்னு சொன்னவன் நான்தான்," என்றார். கெட்டியாகச் சொன்னார், அடுப்படியில் இருந்தவனுக்கும் கேட்டது. "சிரிச்சதும் நான்தான்."

நாடியா பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். கையை இடுப்பில் கட்டிய ஏப்ரன் துணியில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

இந்த இடத்தில், இதைப் படிக்கிறவரே, உங்கள் முகம் எனக்குத் தெரிகிறது. லைல் எப்படியும் கொடுத்துவிடுவார் என்று முதல் பத்தியிலேயே உங்களுக்குத் தெரியும், இல்லையா? பக்கத்தில் யாராவது இருந்தால் அவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். அவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா? இருக்கிறாரா, இல்லை அவரும் ஆல்பர்ட்டாவுக்குப் போய்விட்டாரா? வெட்கப்படாதீர்கள். எங்கள் மேஜையில் லைலுக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலி. வந்து பின்னங்காலில் சாய்ந்துகொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடுவது தானாக வரும்.

லைல் எண்ணத் தொடங்கினார். இருபது டாலர் நோட்டுகள். இருபது. நாற்பது. அறுபது. ஒவ்வொரு நோட்டையும் அவள் உள்ளங்கையில் வைத்து விரலால் அழுத்தினார். நூறு தாண்டும்போது குரல் கம்மியது. நூற்று நாற்பதில் மெல்லத் தேறியது. நூற்று எண்பதில் கை நின்றது. கடைசி நோட்டு அந்தரத்தில் நிற்க, சாய்வதற்கு நாற்காலி இல்லாததால் குதிகாலில் கொஞ்சம் சாய்ந்து, ஒரு கண்ணை மூடினார்.

"நாடியா, உன் பணம் ஒருநாள் உன் கைக்கு வந்து சேரும்னு நான் அப்பவே..."

"எண்ணு," என்றாள்.

"இருநூறு," என்று வைத்தார் லைல்.